மரம், சாயம், வெள்ளி: பினீசியர்கள் பிழைத்த விதம்

கி.மு. 1075 வாக்கில் எகிப்தின் தீப்ஸ் நகரத்து ஆமுன் கோயிலிலிருந்து வெனாமுன் என்ற அதிகாரி மரம் வாங்கக் கிளம்பினார். கடவுளின் படகைப் புதுப்பிக்க லெபனான் மலையின் தேவதாரு வேண்டியிருந்தது. தமிழ் பைபிளில் 'கேதுரு' என்று வருவது அந்த மரம்தான். வழியில் தோர் துறைமுகத்தில் அவருடைய கப்பல்காரன் ஒருவனே பொன்னையும் வெள்ளியையும் திருடிக்கொண்டு ஓடிவிட்டான். ஒருவழியாக லெபனான் கரையின் பிப்லோஸ் வந்து சேர்ந்தால், அந்த ஊர் அரசன் சக்கர்பால் அவரைப் பார்க்கவே மறுத்தான். என் துறைமுகத்தை விட்டுப் போ என்று 29 நாள் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் சந்திப்பு நடந்தது. உங்கள் அப்பா கொடுத்தார், தாத்தா கொடுத்தார், நீங்களும் கொடுங்கள் என்றார் வெனாமுன். கொடுத்தார்கள், சரி, சும்மாவா கொடுத்தார்கள் என்று கேட்டான் சக்கர்பால். முன்னோர் காலத்துக் கணக்குச் சுருள்களைக் கொண்டுவரச் சொல்லி, எதிரிலேயே வாசிக்க வைத்தான். 1,000 தெபென் வெள்ளி, அதாவது சுமார் 90 கிலோ, வரவாக எழுதப்பட்டிருந்தது. நான் உனக்கும் வேலைக்காரன் இல்லை, உன்னை அனுப்பியவருக்கும் வேலைக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டான். அப்புறம் எகிப்திலிருந்து சரக்கு வந்தது. பொன் சாடி, வெள்ளிச் சாடி, உயர்ந்த லினன் துணி, 500 பப்பைரஸ் சுருள், 500 மாட்டுத்தோல், 500 கயிறு, 20 மூட்டைப் பருப்பு, 30 கூடை மீன். அவற்றை இறக்கி வைத்த பிறகுதான் 300 ஆட்களும் 300 காளைகளும் மலையேறின.

இது நடந்த பயணத்தின் அறிக்கையா, புனைகதையா என்று எகிப்தியல் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கதையாகவே இருக்கட்டும். எழுதியவர் எகிப்தியர். தன் நாட்டு அதிகாரி ஒரு சிறு துறைமுகத்துக் குறுநில மன்னனிடம் பேரம் பேசித் தோற்பதை அவரே எழுதியிருக்கிறார். அதற்கு நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு காட்சியை எந்த எகிப்தியரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார். கி.மு. 1200ஐ ஒட்டி ஹிட்டைட் பேரரசு சரிந்தது, சிரியக் கரையின் உகாரித் நகரம் எரிந்தது, எகிப்து சுருங்கியது. அந்த இடைவெளியில்தான் பிப்லோஸ் போன்ற இந்தக் கடற்கரை ஊர்கள் தலை தூக்கின. இந்த ஊர்க்காரர்களைத்தான் பினீசியர் என்கிறோம்.

பினீசியர் என்றதும் நம் மனதில் வருவது அஞ்சாத மாலுமிகள், சாகசக்காரர்கள், பிறவி வணிகர்கள். எனக்கு இந்தச் சித்திரத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்கள் கடலுக்குப் போனது போக வேறு வழி இல்லாததால். பெரிய அரசுகளை எதிர்க்கும் படைபலமும் இல்லை, தம்மைத் தாமே ஊட்டிக்கொள்ளும் நிலமும் இல்லை. ஆகவே எல்லா அரசுகளுக்கும் தேவைப்படுகிறவர்களாக ஆனார்கள். அவர்களுடைய வணிகம், கைத்தொழில், வழிபாடு எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

நாடு இல்லாத நாடு

பினீசியா என்ற பெயரில் ஓர் அரசோ, ஒரு தலைநகரோ ஒருபோதும் இருந்ததில்லை. அந்தப் பெயரே கிரேக்கர் வைத்தது. வடக்கே அர்வாத், அதற்குக் கீழே பிப்லோஸ் (பைபிளில் கேபால்), பிறகு சீதோன், தெற்கே தீர் (பைபிளில் தீரு) என்று தனித்தனி நகரங்கள், தனித்தனி அரசர்கள். அந்த ஊர்க்காரனைக் கேட்டால் சீதோன்காரன், தீர்க்காரன் என்றுதான் சொல்லியிருப்பான். லெபனான் மலைத்தொடர் கடலை நெருக்கிக்கொண்டு நிற்பதால் விளைநிலம் மெல்லிய கரையாகத்தான் கிடைக்கும். தீரும் அர்வாதும் கரையை விட்டு விலகிய தீவுகள். முற்றுகையைத் தாங்குவதற்குத் தீவு நல்லது, ஆனால் கோதுமை விளையாது.

சாலொமோனுக்கு ஆலயம் கட்ட மரமும் தச்சர்களும் அனுப்பிய தீர் அரசன் ஈராமின் கதையில் இது அப்படியே தெரிகிறது. மரத்துக்குப் பதிலாக அவன் வாங்கிக்கொண்டது ஆண்டுதோறும் 20,000 கோர் (அக்காலத் தானிய அளவு) கோதுமையும் ஒலிவ எண்ணெயும். பிறகு கலிலேயாவில் 20 ஊர்களைச் சாலொமோன் தந்தபோது, போய்ப் பார்த்த ஈராமுக்கு அவை பிடிக்கவில்லை. பைபிளின் எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, ஆலயத்தின் வரலாற்றுத்தன்மை பற்றியே வாதங்கள் உண்டு. ஆனால் மரம் இறங்கி வருகிறது, தானியம் ஏறிப் போகிறது என்ற சரக்கின் திசையில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

தீரின் வணிகம் உச்சத்தில் எப்படி இருந்தது என்பதற்கு எசேக்கியேல் 27ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். அது தீர் அழியப்போகிறது என்ற சாபப் பாட்டு. ஆனால் தீர்க்கதரிசி கோபத்தோடு கோபமாகச் சுங்கச்சாவடிப் பதிவேடு ஒன்றையே ஒப்பித்துவிடுகிறார். தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, வெள்ளீயம், ஈயம். தொகர்மாவிலிருந்து குதிரை, கோவேறு கழுதை. யூதாவிலிருந்து கோதுமை, தேன், எண்ணெய். தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெள்ளை ஆட்டுமயிரும். தந்தம், கருங்காலி, பவளம், சேணத்துணி என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தீரில் விளைபவையோ செய்பவையோ அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வெள்ளியைத் தேடி மேற்கே

கி.மு. 9ஆம் நூற்றாண்டிலிருந்து, இன்றைய வட இராக்கில் இருந்த அசீரியப் பேரரசு மத்தியதரைக் கடல்வரை கை நீட்டத் தொடங்கியது. இரண்டாம் அசூர்நசிர்பாலின் கல்வெட்டுகளில் தீர், சீதோன், பிப்லோஸ், அர்வாத் நகரங்கள் கட்டிய திறை வரிசையாக இருக்கிறது: வெள்ளி, பொன், வெள்ளீயம், செம்பு, வண்ணக்கரை போட்ட லினன் ஆடைகள், குரங்குகள், கருங்காலி. அடுத்த அரசன் மூன்றாம் சல்மனேசரின் பலவாத் வெண்கலக் கதவில், தீர்த் தீவிலிருந்து படகுகளில் திறைப்பொருள் ஏற்றி வரும் காட்சியையே வடித்திருக்கிறார்கள்.

அசீரியரிடம் எனக்குப் பிடித்த ஆவணம் கதவு இல்லை, ஒரு கடிதம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையைக் கண்காணித்த குர்தி-அசூர்-லாமுர் என்ற அதிகாரி தன் அரசனுக்கு எழுதியது. தீர் மக்கள் துறையில் தாராளமாக வந்து போகிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள், மலையிலிருந்து மரம் இறக்கலாம், நான் வரி வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ஆனால் எகிப்தியருக்கும் பெலிஸ்தருக்கும் மரம் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். சீதோனில் வரி வாங்கப் போனவரை மக்கள் விரட்டியடித்ததும், படையை அனுப்பிப் பயமுறுத்தியதும் அதே கடிதத்தில் வருகிறது. வணிகம் நடக்கட்டும், ஆனால் எனக்குப் பங்கு வேண்டும், என் எதிரிக்குச் சரக்கு போகக் கூடாது. தீரை அழிப்பதைவிட அதை ஓடவிட்டு வரி வாங்குவது லாபம் என்று அசீரியருக்குத் தெரிந்திருந்தது. பணியாதபோது அந்தக் கணக்கு மாறும். கி.மு. 677இல் அசீரிய அரசன் எசர்ஹத்தோன் சீதோனைத் தரைமட்டமாக்கினான். அதே அரசன், பால் என்ற பெயருடைய தீர் மன்னனுடன் செய்த உடன்படிக்கையில், தீரின் கப்பல் அசீரியக் கரையில் உடைந்தால் சரக்கு எனக்கு, ஆட்களைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று ஒரு விதி உண்டு.

இவ்வளவு வெள்ளிக்கு எங்கே போவது? ஸ்பெயினின் தென்மேற்கில் ரியோ தின்தோ ஆற்றுப் பகுதிக்கு. அட்லாண்டிக் கரையில் காதிர் (இன்றைய காதிஸ்) நகரத்தை நிறுவியது அதற்காகத்தான். மரபுக்கதை அதற்குக் கி.மு. 1104 என்று ஆண்டு சொல்லும், தொல்லியல் சில நூற்றாண்டுகள் பின்னே வைக்கிறது. அசீரியர் நெருக்கியதால்தான் மேற்கே போனார்கள் என்று முன்பு சொல்வது வழக்கம். ஆனால் காதிருக்குப் பக்கத்து ஊரான உவேல்வாவில் ஆயிரக்கணக்கான பினீசியப் பானை ஓடுகள் கிடைத்தபோது, அவற்றில் பழையவை அசீரிய நெருக்கடி முற்றுவதற்கு முந்தியவையாக இருந்தன. ஆகவே தேடல் முன்பே தொடங்கியிருந்தது, நெருக்கடி அதை விரைவுபடுத்தியது என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஸ்பெயினில் வெள்ளி மலிந்து கிடந்ததால் கப்பலின் ஈய நங்கூரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளியிலேயே நங்கூரம் வார்த்துக்கொண்டார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் தியோதொரஸ் கதை சொல்கிறார். நிஜத்தில் ஈயத்தை எறிந்திருக்கவே மாட்டார்கள். ரியோ தின்தோவின் தாதுவில் ஈயம் குறைவு. உருக்கும்போது வெள்ளியைப் பிரித்தெடுக்க வெளியிலிருந்து ஈயம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் மசார்ரோன் அருகே கண்டெடுத்த கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் படகில் இருந்த சரக்கே ஏறக்குறைய 2.8 டன் ஈயக்கட்டிகள். அந்தப் படகை 2024 கடைசியில்தான் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தார்கள். பலகைகளின் ஓரத்தில் துளை வெட்டி, மரச்சில்லைச் செருகி, ஆணி இறுக்கி இணைக்கும் அவர்களுடைய முறையை ரோமானியர்கள் பின்னாளில் 'பியூனிக் இணைப்பு' என்றே சொன்னார்கள். பியூனிக் என்பது பினீசியரையும் கார்த்தேஜ்காரர்களையும் குறிக்க ரோமானியர் வைத்த சொல்.

கடலடியில் கிடைப்பவைதான் இந்த வணிகத்தின் உண்மையான அளவைக் காட்டுகின்றன. இஸ்ரேலின் அஷ்கெலோனுக்கு அப்பால் சுமார் 400 மீட்டர் ஆழத்தில் 1999இல் ஆராய்ந்த கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 400 சாடிகள், எல்லாம் திராட்சை மது. இது பெட்டியில் நாலு நகை எடுத்துப்போய் விற்கும் வியாபாரம் இல்லை, மொத்தச் சரக்கு ஏற்றுமதி. ஸ்பெயினின் பஹோ தெ லா கம்பானா என்ற இடத்தில் மூழ்கிய கப்பலில் வெள்ளீயக் கட்டிகளோடு, பினீசிய எழுத்தில் பெயர்கள் கீறிய யானைத் தந்தங்களும் கிடைத்தன.

பினீசியர் கடல் கடந்து அமைத்த ஊர்கள் எதுவும் நிலத்தைப் பிடிப்பதற்காக அமைந்தவை அல்ல. சைப்ரஸில் கிதியோன், துனிசியாவில் உத்திகா, கார்த்தேஜ் (மரபுப்படி கி.மு. 814), சிசிலியை ஒட்டிய மோத்யா தீவு, மொரோக்கோவில் லிக்சுஸ். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் தீவு, முனை, ஆற்றுவாய். கப்பல் ஒதுங்க இடம், குடிக்கத் தண்ணீர், உள்நாட்டுக்காரன் சரக்கு கொண்டுவர வழி, இவ்வளவு போதும். சுரங்கத்தைத் தோண்டியது உள்ளூர் மக்கள். கார்த்தேஜ் பின்னாளில் படையும் நிலமும் சேர்த்துக்கொண்டு வேறு வழியில் போனது, அது தனிக் கதை.

நாணயம் இல்லாத வணிகர்கள்

இத்தனை வணிகம் செய்தவர்கள் பல நூற்றாண்டுகள் நாணயம் அடிக்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தீரும் சீதோனும் காசு வெளியிட்டன. கிரேக்க நகரங்கள் அதற்கு நூறாண்டுக்கும் முன்பே தொடங்கிவிட்டன. அதுவரை பினீசியர்கள் வெள்ளியை வெட்டி, நிறுத்துக் கொடுத்தார்கள். தோரில் ஒரு சாடிக்குள் 8.5 கிலோ வெட்டுவெள்ளி கிடைத்தது. துணியில் முடிந்து, முத்திரை வைத்து, சிறு சிறு பொட்டலங்களாக இருந்தது. முத்திரை உடையாதவரை நிறுக்க வேண்டியதில்லை, ஆக அதுவே பணக்கட்டு.

முத்திரையை நம்பலாம், வைத்தவனை எப்படி நம்புவது? ஆயிரம் கல் தள்ளி, மொழி தெரியாத இடத்தில், காவல் இல்லை, நீதிமன்றம் இல்லை. இங்கேதான் கோயில் வருகிறது. தீரின் தெய்வம் மெல்கார்த். காதிரில் முதலில் எழுந்தவற்றுள் மெல்கார்த் கோயிலும் ஒன்று. தெய்வத்தின் முன் செய்த சத்தியத்தை மீறினால் அடுத்த முறை அந்தத் துறையில் யாரும் சரக்கு தர மாட்டார்கள். கார்த்தேஜ் பெரிய நகரமான பிறகும் ஆண்டுதோறும் தீரின் மெல்கார்த்துக்குக் காணிக்கை அனுப்பியது பக்தி மட்டுமில்லை, தாய்வீட்டுச் சம்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்வதும்தான். உள்ளூர் ஆட்சியாளர்களும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தார்கள். இத்தாலியின் பிர்கி துறைமுகத்தில் 1964இல் கிடைத்த பொன் தகடுகளில், எத்ருஸ்க அரசன் ஒருவன் பினீசிய தேவி அஸ்தார்த்துக்கு இடம் அர்ப்பணித்ததை எத்ருஸ்கம், பினீசியம் இரண்டு மொழியிலும் பொறித்திருக்கிறான். காலம் சுமார் கி.மு. 500.

ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் கி.மு. 509இல் ஏற்பட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறிப்பிடும் உடன்படிக்கையும் இதே கவலையைத்தான் பேசுகிறது. லிபியாவிலோ சார்டினியாவிலோ ரோமானியன் வணிகம் செய்தால், ஓர் அறிவிப்பாளனோ எழுத்தனோ பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி விற்றதற்கு விலை வராவிட்டால் அரசு பொறுப்பு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் எழுத்தனும் இல்லை, பொது தெய்வமும் இல்லை. அங்கே நடந்த ஊமை வணிகத்தைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதொத்தஸ் விவரிக்கிறார். கார்த்தேஜ்காரர்கள் சரக்கைக் கரையில் பரப்பிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை போடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் வந்து பக்கத்தில் பொன்னை வைத்துவிட்டு விலகிப் போவார்கள். போதாது என்றால் கப்பல்காரர்கள் எடுக்காமல் காத்திருப்பார்கள். மேலும் கொஞ்சம் பொன் வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேரம் படிந்துவிடும்.

நத்தையும் தந்தமும்

தமிழ் பைபிளில் 'இரத்தாம்பரம்' என்று வாசித்தவர்கள் அது ஒரு சிவப்புத் துணி என்று கடந்துபோயிருக்கலாம். தீரின் பெயரை ரோம்வரை கொண்டுபோன ஊதாச் சாயம் அது. கரையோரப் பாறைகளில் வாழும் சில வகைக் கடல்நத்தைகளின் உடலில் ஒரு சிறு சுரப்பி உண்டு. அதன் நீர் காற்றும் வெயிலும் பட்டதும் மஞ்சள், பச்சை என மாறிக் கடைசியில் ஊதாவில் நிற்கும். 1909இல் பால் பிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைப் பிழிந்து 1.4 கிராம் தூய சாயம்தான் எடுக்க முடிந்தது. கி.பி. 301இல் ரோமப் பேரரசர் தியோக்ளீஷியன் போட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், சாயம் தோய்த்த ஒரு பவுண்டு பட்டுக்கு 1,50,000 தெனாரி (ரோம நாணயம்). துணி வெளுக்காது, வெயிலில் மங்காது. பேரரசர்கள் உடுத்திய அந்த நிறம் பிறந்த இடமோ அழுகிய நத்தைத் தொட்டி. சாயப்பட்டறைகளால் தீர் குடியிருக்க லாயக்கற்ற ஊராகிவிட்டது, ஆனால் பணக்கார ஊர் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதுகிறார். சீதோனில் உடைத்துக் கொட்டிய ஓடுகள் குன்றாகவே குவிந்திருந்தன.

தந்தச் செதுக்கல், வெள்ளி வெண்கலக் கிண்ணங்கள், பிறகு கண்ணாடி என்று கைத்தொழில் வரிசை நீளம். கண்ணாடியை ஊதி உருவாக்கும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில் இந்தக் கரைப்பகுதியில்தான் தோன்றியது. எனக்கு சுவாரசியமானவை கிண்ணங்கள். நடுவில் எகிப்திய அரசன் எதிரிகளை அடிக்கிறான், ஓரத்தில் அசீரியப் பாணி வேட்டை, இடையில் எகிப்திய சித்திர எழுத்து. பல கிண்ணங்களில் அந்த எழுத்தை வாசித்தால் பொருளே வராது. செய்தவனுக்கு எகிப்திய மொழி தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. எகிப்து மாதிரி இருந்தால் விலை போகும், அவ்வளவுதான். 'பினீசியருக்குச் சொந்தக் கலை இல்லை, எல்லாம் நகல்' என்று பழைய கலை வரலாற்றாசிரியர்கள் முகம் சுளித்தார்கள். நாலு நாட்டு வாடிக்கையாளருக்கு ஒரே தட்டில் பரிமாறத் தெரிவதும் ஒரு கலைதானே? அசீரியரின் நிம்ருத் அரண்மனையில் குவியல் குவியலாகக் கிடைத்த தந்தச் செதுக்கல்களில் பினீசியக் கை தெரிபவற்றைப் பார்த்த பிறகு அந்தச் சுளிப்பு நிலைக்காது.

எழுத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவதில் ஒரு திருத்தம் வேண்டும். கணக்கு எழுதுவதற்காகப் பினீசிய வணிகர்கள் எழுத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பார்கள். ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறை அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியது, எகிப்திலும் சினாயிலும் இருந்த செமிட்டிய மக்களிடம் பிறந்தது. பினீசியர் அதை 22 மெய்யெழுத்துகளாகச் சீராக்கி, வலமிருந்து இடமாக ஓடவிட்டு, கப்பல் போன துறையெல்லாம் கொண்டுசேர்த்தார்கள். கிரேக்கர் அதை வாங்கி உயிரெழுத்து சேர்த்துக்கொண்டனர். அரமேய எழுத்தும் இதிலிருந்து கிளைத்ததுதான். அரமேயத்திலிருந்து பிராமி வந்ததா என்பது முடியாத விவாதம், அது முடிந்தால் தமிழி எழுத்துக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு தெளிவாகும். பினீசியரே தமிழர் என்ற பேச்சுக்கு மட்டும் இடமில்லை. அவர்கள் மொழி எபிரேயத்துக்கு உடன்பிறப்பு, படிக்க ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன.

எழுத்தைப் பரப்பியவர்களின் எழுத்து மிஞ்சவில்லை. பப்பைரஸில் எழுதினார்கள், ஈரக்காற்றில் அது மக்கிப்போனது. மிஞ்சியவை கல்லறை வாசகமும் காணிக்கைப் பலகையும். சீதோன் அரசன் எஷ்முனாசரின் கல்சவப்பெட்டி 1855இல் கிடைத்து இன்று லூவ்ரில் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் 'என் பெட்டியைத் திறக்காதே, திறந்தால் உனக்கு வாரிசு இருக்காது' என்ற மிரட்டல். ஆகவே அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் வாடிக்கையாளர் வாயிலாகவும் எதிரி வாயிலாகவும்தான். ஹோமரின் ஒடிசியில் சில்லறைப் பொருள் விற்க வந்த பினீசியர்கள் சிறுவன் யூமேயஸைக் கடத்திக்கொண்டு போய் விற்கிறார்கள். கடலோடிகள் ஆள்கடத்தவும் செய்தார்கள் என்பது பொய்யாக இருக்காது, ஆனால் அதைக் கிரேக்கரும் செய்தார்கள். கார்த்தேஜில் குழந்தைகளைப் பலியிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் கிரேக்க, ரோமானிய எழுத்தில் வருவது. அங்கே 1921இல் கண்டறிந்த தோபெத் மைதானத்தில் எரித்த சிசு எலும்புகள் நிறைந்த தாழிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவை பலியா, இயல்பாக இறந்த குழந்தைகளின் அடக்கமா என்று எலும்பை ஆராய்பவர்களே இரு கட்சியாக நிற்கிறார்கள். கல்வெட்டுகளில் வரும் நேர்த்திக்கடன் வாசகங்களைப் பார்க்கும்போது, பலி முழுக்க எதிரியின் கட்டுக்கதை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

2025இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்தப் படத்தை இன்னொரு பக்கத்திலிருந்து கலைத்தது. மத்தியதரைக் கடலின் பியூனிக் ஊர்களில் புதைக்கப்பட்டவர்களின் எலும்பைப் பார்த்தால், லெபனான் கரையின் மரபுவழி அனேகமாக இல்லவே இல்லை. சிசிலி, கிரேக்கப் பகுதி, வட ஆப்பிரிக்கா என்று கலவையான மக்கள் பினீசிய மொழி பேசி, பினீசிய தெய்வங்களைக் கும்பிட்டு, பினீசியப் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். குடியேறியவர்கள் சிலர், சேர்ந்துகொண்டவர்கள் பலர்.

தாயகத்தின் முடிவு, தேவைப்படாமல் போனதால் வந்தது. பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் 13 ஆண்டு முற்றுகையிட்டும் தீர்த் தீவுக்குள் புக முடியவில்லை. பாரசீகருக்கு அவர்கள் கடற்படையாக இருந்தார்கள். கி.மு. 332இல் வந்த அலெக்சாந்தருக்குப் பாரசீகக் கடற்படையின் தளம் இருக்கக் கூடாது. ஏழு மாதத்தில் கடலுக்குள் மண்ணும் கல்லும் கொட்டிப் பாதை போட்டுத் தீவைப் பிடித்தான். மணல் சேர்ந்து இன்றுவரை தீர் தீவாகத் திரும்பவில்லை, நிலத்தோடு ஒட்டியே இருக்கிறது. எகிப்தின் கரையில் அலெக்சாந்திரியா எழுந்து சரக்கையெல்லாம் இழுத்துக்கொண்டது.

கார்த்தேஜ் கி.மு. 146இல் எரிந்தது. அதன் நூலகங்களை ரோமானியர் ஆப்பிரிக்கக் குறுநில மன்னர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நூலை மட்டும் மொழிபெயர்க்கச் செனட் ஆணையிட்டது, கார்த்தேஜ்காரர் மாகோ எழுதிய 28 பாகங்கள். கப்பலைப் பற்றியோ வணிகத்தைப் பற்றியோ இல்லை, விவசாயத்தைப் பற்றி. மூலமும் போய்விட்டது, மொழிபெயர்ப்பும் போய்விட்டது. கொலுமெல்லா போன்ற ரோமானியர் எடுத்தாண்ட துண்டுகளில் காளை பார்த்து வாங்கும் விதம், உலர்ந்த திராட்சையில் மது காய்ச்சும் முறை, நிலம் வாங்குகிறவன் நகரத்து வீட்டை முதலில் விற்றுவிட வேண்டும் என்ற அறிவுரை ஆகியவை கிடைக்கின்றன.